உன் ஏழு, என் ஆறு

ராத்திரி ஒன்பதுக்குக் கரண்ட் போனது.
பெகுவில் நான், ரங்கூன் தாம்வேயில் இருதயராஜ்.
இருவர் கையிலும் ஒரே பட்டியல்:
வெள்ளம் புகுந்த வீடுகள்,
வீட்டுக்கொரு மூட்டை அரிசி.
இணையம் அறுந்த நொடியிலிருந்து
இரண்டு பட்டியல்.

மூன்றாம் வரியை நான் அழித்தேன்.
கோ தெய்ன் வீட்டைப் பூட்டிக்கொண்டு
மௌல்மேனுக்குப் போய்விட்டார், மச்சான் வீட்டுக்கு.
அதே இருட்டில் ராஜ் எழுதுகிறான்:
ஏழாம் வரியில் பால்மாவு சேர், கைக்குழந்தை.
அவனுடைய ஏழில் சந்தனமேரி.
என்னுடைய ஏழில் காசிம் பாய்,
கல்யாணமே ஆகாதவர்.

நாலு மணிக்குச் சிக்னல் வந்தது.
நான் எழுதிய நிரல் விழித்துக்கொண்டது.
யார் முந்தி என்பதோடு அது விடுவதில்லை,
எதைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்
என்றும் கேட்கும்.
அவன் சொல்லும்போது மூன்று இருந்தது.
இப்போது இல்லை.
ஒன்றைக் கழி.
உன் ஏழு, இங்கே ஆறு.

ஆறு.
சன்னலுக்கு வெளியே அதுதான் ஓடிக்கொண்டிருந்தது
விளக்குக் கம்பத்தின் இடுப்பளவுக்கு.

பால்மாவு சந்தனமேரிக்கே போனது.
என் அழிப்பு தாம்வே போய்ச் சேர்ந்தபோது
மூன்று அங்கேயும் மூன்றுதான்;
கீழே நடப்பது மேலே இருப்பதை நகர்த்தாது.

இருவரும் அழித்த பெயர் ஒன்று இருந்தது.
டோ ஏ ச்சி.
எனக்குச் சொன்னது படகுக்காரன்.
அவனுக்கு யாரோ.
இரண்டாவது அழிப்பை நிரல் வெறுமையாக்கியது,
இல்லாவிட்டால் அவருக்கு அடுத்திருந்தவரும்
போயிருப்பார்.
ஒருத்தி ஒரு தடவைதான் போக முடியும்.
அந்த விதியைப் போன மார்கழியில்
டீ குடித்துக்கொண்டே எழுதினேன்,
ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி.

இருவரும் சேர்த்த பெயரும் ஒன்று.
பாலாமணி, தகரக்கொட்டகை, பிள்ளைகள் நாலு.
சேர்ப்பது அழிப்பதைப் போல அல்ல.
இரண்டும் ஒரே ஆள் என்று நிரலுக்குத் தெரியாது;
இரண்டு கை எழுதியதை
இரண்டாகவே வைத்தது, ஒன்றன்கீழ் ஒன்று.

ராஜ் போனில் கேட்டான்:
"ஒண்ண எடுத்துடவா?"
திரையைப் பார்த்தேன். பிள்ளைகள் நாலு,
பிள்ளைகள் நாலு.
"பிழைதான்" என்றேன்.
"நாளைக்குத் திருத்துறேன்."

மூட்டைகள் எட்டு மணிக்கே படகேறிவிட்டன.