சுவருக்கு அந்தப் பக்கம்

போயா லீவு. குறிகட்டுவான் இறங்குதுறை.
சுகிர்தாவும் நானும் அருகருகே நின்று
கதைக்காமல் இருந்தோம்.

நெடுந்தீவைச் சுற்றிப் பார்க்க
ஒருநாள் போவதென்று சித்திரையிலேயே பேசி வைத்தது.
சங்கக்கடைக் காசுப்பெட்டியில்
நானூற்றைம்பது ரூபாய் குறைந்தது
போன செவ்வாய்க்கிழமை.
"நான் எண்ணினது சரி" என்றாள்.
நானும் அதையேதான் சொன்னேன்.
பயணம் வேண்டாமென்று முதலில் சொல்பவள்
எடுத்தவள் என்று ஆகிவிடும்.
ஆகவே வந்தோம்,
ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு.

படகுக்குள் டீசல் மணம்.
என் உயிர்காப்பு அங்கியில் வார் அறுந்திருந்தது.
அவள் அதைக் கண்டாள்,
கண்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

ஒல்லாந்தர் கோட்டைக்குக் கூரை இல்லை.
ஏறக்கூடாது என்று
மூன்று மொழியில் எழுதிய பலகைக்கு நேர் மேலே
மதிலில் ஒரு ஆடு
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கும் வந்திருக்கும்,
முந்தானையால் முகம் துடைத்தாள்.

புறாக்கூட்டடியில் நெடுநேரம் நின்றோம்.
தூண்மேல் ஒரு கல்வீடு, முழுக்கப் பொந்துகள்.
புறாவின் காலில் கடிதம் கட்டி அனுப்புவார்களாம்.
என்ன எழுதியிருப்பான் அந்தக் காவற்காரன்?
குதிரைக்குப் புல் காணாது என்றா,
கணக்கில் காசு உதைக்கிறது,
எடுத்தது நானில்லை என்றா?

"ஐம்பத்திநாலு பொந்து" என்றேன் வாய்க்குள்.
"ஐம்பத்தாறு."
ஐந்து நாளில் அவள் என்னோடு பேசிய முதற் சொல்.
நான் திரும்ப எண்ணவில்லை.

வெயில் ஏறியது. ஒழுங்கை இரண்டாகப் பிரிந்தது.
சைக்கிளில் வந்த மீன்காரர்
காலை ஊன்றிச் சொன்னார்:
"எதாலை போனாலும் பெருக்கு மரத்தடிக்குத்தான் பிள்ளையள்."
அவள் இடது. நான் வலது.
நடுவே ஒரே ஒரு சுவர்.

முருகைக்கல். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை,
ஒன்றின்மேல் ஒன்று சும்மா ஏற்றி வைத்தது.
கல்லுக்குள் கடல் போட்ட வட்டங்கள்,
கல்லுக்கிடையில் வெளிச்சம்.
அந்த ஓட்டைகளால்
அவளின் நீலச்சேலை துண்டுதுண்டாய் நடந்தது.
அவளின் செருப்புச் சத்தம் நின்றால்
நானும் நின்றேன், கல் குத்தியதுபோல.

ஓரிடத்தில்
சுவருக்குள்ளால் இரண்டு விரல் வந்தது,
கடதாசி சுற்றிய பாதி றோல்ஸ்.
வாங்கினேன். உறைப்பு. மூக்கு வழிந்தது.
"தண்ணி கிடக்கோ?" சுவர் கேட்டது.
"ஓம்" என்றேன் சுவருக்கு.

வளைவில் ஒரு குதிரை.
மண்நிறம், விலா எலும்பு தெரிய,
ஒழுங்கையின் அகலம் முழுக்க அதுதான்.
கத்தினேனா தெரியாது.
"கௌசி! அசையாதை!"
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
சுவரில் ஏறிவிட்டாள் சுகிர்தா,
ஆட்டைப்போலவே, எந்தப் பலகையையும் வாசிக்காதவளாய்.
ஏழெட்டுக் கல் பொலபொலவென்று விழ
குதிரை எங்களை ஒருதரம் பார்த்தது,
பெரிய அலுப்போடு திரும்பிப் போனது.

கல்லுகளைத் திருப்பி அடுக்கினோம்.
எது எதன்மேல் இருந்ததென்று தெரியவில்லை.
ஒரு கல் மிஞ்சியது.
எங்கே வைத்தாலும் ஆடியது.
கடைசியில் சுவரோரம் நிலத்தில் விட்டோம்.

பெருக்கு மரத்தைப் பார்க்க நேரமில்லாமற் போனது.
கடைசிப் படகுக்கு ஓட்டம்.
என் அறுந்த வாருக்குத்
தன் கைலேஞ்சியால் முடிச்சுப் போட்டாள்,
மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கி.

நடுக்கடலில், இயந்திர இரைச்சலுக்கு மேலாக,
என் காதுக்குள் வந்து சொன்னாள்:
"ஐம்பத்தாறுதான்."