எத்தனை டிகிரி

உதிரிபாகம் சென்னைத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால்
வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சும்மா கிடைத்தது.
குரோகாவா சான் கேட்டார்:
ஒரே நாளில், நடந்தே,
சில கோயில்கள், ஒரு மியூசியம்.
கியோட்டோவில் அப்படித்தானாம்.
காலையில் கிளம்பினால்
அந்திக்குள் ஏழு தெய்வம் பார்த்துவிடலாமாம்.
சேலத்தில் ஏழு தெய்வத்துக்கு
இரண்டு தெரு போதும் என்றேன்.
என் ஜப்பான் மொழியில் அது
கொஞ்சம் பெருமையாகவே ஒலித்தது.

சுகவனேசுவரர் கோயில் வாசலில்
அவர் ஷூ லேஸ் அவிழ்த்து முடிப்பதற்குள்
ஒரு கல்யாணக் கூட்டம் உள்ளே போய்
மாலையும் கழுத்துமாய்த் திரும்பிவிட்டது.
சுகம் என்றால் கிளி என்றேன்.
அண்ணாந்து தேடினார்.
எல்லாம் புறாக்கள்.
பரவாயில்லை, பச்சையாக நினைத்துக்கொள்கிறேன் என்றார்.

கோட்டை அழகிரிநாதர்.
கோட்டை எங்கே?
பெயரில் இருக்கிறது, சான்.

மறுபடி லேஸ்.
கோட்டை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டிவிட்டு
மறுபடி லேஸ்.
அதற்குமேல் அவருக்கே பொறுக்கவில்லை.
நாற்பத்திரண்டு இன்ச் வெயிலில் (அவர் அப்படித்தான் அளந்தார்,
தன் நிழலை)
நடைபாதைக் கடையில் நீல ரப்பர் செருப்பு வாங்கினோம்.
ஷூ என் துணிப்பையில்.
ஏம்மா, பாவம், வெள்ளைக்காரரை வேகவைக்கிற,
அம்பது ரூபா குடு போதும் என்றது
கூடவே ஊர்ந்து வந்த ஆட்டோ.

பாலத்தில் நின்றார்.
கீழே ஓடுவதன் பெயரை மொழிபெயர்க்கச் சொன்னார்.
திரு. மணி. முத்து. ஆறு.
ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றாய் வெட்கமாயிருந்தது.
சாக்கடையும் சாயமும் நுரைத்துக்கொண்டு போக
அவர் மெதுவாகச் சிரித்தார்.
குரோகாவா என்றால் கரிய ஆறு.
தவறுதலாக என் பெயரை அணிந்திருக்கிறது,
திருப்பிக் கேட்க மாட்டேன்.

மியூசியம் பூட்டியிருந்தது.
வெள்ளிக்கிழமை லீவு சார் என்றார் காவலர்,
அதை நான் முந்தின நாளே
பார்த்திருக்க வேண்டும்.
கம்பிவழியே ஒரு நடுகல்லைப் படமெடுத்தார்.
படத்தில் கம்பிதான் தெளிவாக விழுந்தது.

தட்டுவடை செட்டைக் கடித்தபடி யோசித்தேன்.
திட்டத்தில் இல்லாத ஓர் இடம் இருந்தது.
பெரியேரி, தலைவெட்டி முனியப்பன்.

என் ஜப்பான் மொழி இயந்திரக் கையேட்டில் கற்றது.
வெட்டு தெரியும், பற்றவைப்பு தெரியும்,
அருளுக்குச் சொல் தெரியாது.
தலைவெட்டி என்றால்
வெட்டியவரா, வெட்டுப்பட்டவரா?
தமிழிலேயே எனக்குச் சந்தேகம்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை.
மடித்த கால்களைப் பார்த்தார்,
மடியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த கைகளை.
ரப்பர் செருப்பைக் கழற்றினார்.
லேஸ் இல்லை என்பதை மறந்து
குனிந்தபடியே
வெகுநேரம் இருந்தார்.

பிறகு: தலையின் சாய்வு எத்தனை டிகிரி?
மூன்று இருக்கும் என்றேன்.
ஐந்து என்றார்.
எங்கள் ஊரிலும் கல் சாமிகளின் தலையை
உடைத்துப் போட்ட ஒரு காலம் உண்டு.
பாதைமுனையில் ஒருவர், சிமெண்ட் கழுத்து,
சிவப்புத் துணி கட்டிவிட்டிருக்கிறோம்.
அவர் இடப்பக்கம் சாய்வார்.

பக்கத்தில் பொன்னுருவி என்கிற பெண்
மகன் லாரிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.
கோர்ட்டு புத்தருங்குது, எங்களுக்கு முனியப்பன்.
எதுக்கு வம்புன்னு
நான் ரெண்டு எலுமிச்சம்பழம் கொண்டாந்துருவேன்.
மொழிபெயர்த்தேன்.
எலுமிச்சை வரை சரியாக வந்தது,
வம்பு வரவில்லை.
அவள் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

திங்களன்று உதிரிபாகம் வந்தது.
உருளையில் அரை மில்லி சாய்வு.
இருக்கட்டுமே சான் என்று பார்த்தேன்.
மூன்று முறை அவிழ்த்து மூன்று முறை பூட்டினார்,
முகத்தில் எண்ணெய்,
சட்டைப்பையில் உருண்டையாய், இன்னும்
வாடாமல் அது.