நூற்றெண்பது கிராம்

அக்டோபரில் வந்ததால் பூசணி என்று பெயர்.
ஆறு கிலோ. கறுப்பு. நியூஃபவுண்ட்லாந்து இனம்.
பாதங்களை மட்டும்
ஏதோ பெரிய நாயிடம் கடன் வாங்கி வந்திருந்தது.

ஜனவரியில் இருபத்தெட்டு கிலோ.
தண்டர் பே முழுக்கப் பனி.
குளியல் தொட்டிக்குள் அடங்காததைக் குளிப்பாட்டிவிட்டு
முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பின்னங்காலை நொண்டி நொண்டி வைத்தது.
டாக்டர் கொய்விஸ்தோ மண்டியிட்டு
மூட்டு மூட்டாய் மடக்கி நீட்டினார்.
"வேகம் அதிகம்" என்றார்,
நெடுஞ்சாலையில் மறித்த போலீஸ்காரர் மாதிரி.
எலும்பு இன்னும் எலும்பாகவில்லையாம்.
நுனியெல்லாம் குருத்தாம்.
பெரிய நாயை
மெதுவாகத்தான் பெரிதாக்க வேண்டுமாம்.

ஒப்புக்கொண்டேன்:
முட்டை ஓட்டுப் பொடி,
என் கால்சியம் மாத்திரையில் பாதி.
எலும்புக்கு நல்லது என்றுதானே.
"இவனுக்கு வேண்டியது தீனியிலேயே இருக்கிறது.
மிஞ்சினால் கோணும்."
தராசு வாங்கச் சொன்னார்.
வேளைக்கு நூற்றெண்பது கிராம், மூன்று வேளை.
தடவினால் விலா எலும்பு
விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

அதே வியாழக்கிழமை,
நாலு தெரு தள்ளி, இன்னொரு தராசு.
நறுமுகை, நாலு வயது, பதின்மூன்று கிலோ.
வரைபடத்தின் கோடுகளுக்கெல்லாம் கீழே
தனியாய் ஒரு புள்ளி.
"வெண்ணெய் சேருங்கள்.
எது கேட்டாலும் கொடுங்கள்."
அவள் எதையும் கேட்பதில்லை.

ஆக, ஒரே சமையலறையில்
ஒரு வாய்க்கு
நிலா, விமானம், பனி வாரும் வண்டி
எல்லாம் காட்டிக் கெஞ்சுகிறேன்.
இன்னொரு வாய்க்குப்
படியளக்கிற சாமியாகி
நூற்றெண்பத்திரண்டு காட்டினால்
ஓர் உருண்டையைத் திரும்ப டப்பாவில் போடுகிறேன்.
அது பார்க்கிற பார்வை இருக்கிறதே.
சாப்பிட்டாயா என்று கேட்பதைத் தவிர
வேறு பிரியம் பழகாத வீடு எங்களுடையது.

அகலக் கால் வைக்காதே
என்பதைப் பழமொழி என்றே நினைத்திருந்தேன்,
லேமினேட் தரையில் நாலு காலும் நாலு திசைக்குப் போக
அது வயிற்றில் விழும் வரை.
கம்பளம் விரித்தோம். மாடிப்படிக்குத் தடுப்பு.

மூன்று வாரம் அளந்தும் வேகம் குறையவில்லை.
வாகீசனைச் சந்தேகப்பட்டேன்.
காகித ஆலையில் இரவு வேலை,
விடிகாலையில் பன்னோடு வருகிற மனிதர்.
சத்தியம் செய்தார்.
என் தலையில் இல்லை, பூசணி தலையில்.

ஒரு மதியம்
துவைத்த துணிக்கூடையோடு ஏறி வந்தவள்
வாசற்படியிலேயே நின்றேன்.
மேசைக்கடியில் சப்பணமிட்டு
நறுமுகை சோறு உருட்டுகிறாள்,
நான் உருட்டுவதைவிடச் சின்னதாய், அழகாய்.
"ஆ சொல்லு. நிலா பாரு. வண்டி வருது பாரு."
நிலாவைப் பார்க்காமலேயே
அது ஆ சொன்னது.

தட்டைப் பிடுங்கினேன். சாம்பார் சாதம்.
"வெங்காயம் இருக்குடி இதுல! நாய்க்கு விஷம்!"

"தெரியும்.
அதையெல்லாம் பொறுக்கி
நான் தின்னுட்டேன்."

குனிந்து அவள் வாயை முகர்ந்தேன்.
ஆமாம்.
வெங்காயத்தைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவள்.

கொய்விஸ்தோவுக்குப் போன் போட்டேன்.
எவ்வளவு, எப்போது என்று கேட்டு
இரண்டு நாள் கவனிக்கச் சொன்னார்.
கேள்விகளுக்கு நடுவே சிரித்த மாதிரி இருந்தது.

இரவு.
உறைந்த ஏரிக்கு அப்பால்
உறங்கும் ராட்சதன் என்கிற பாறை,
வளர வேண்டியதெல்லாம் வளர்ந்து முடித்து
மல்லாந்து கிடக்கிறது.
இங்கே தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் ஒன்று தூங்குகின்றன.
ரோமத்துக்குள் விரல் விட்டுத் தேடினேன்:
ஆழத்தில் ஒரு விலா, சந்தேகமாய்.
மகளிடம் தேடவே வேண்டாம்,
சட்டைக்கு மேலேயே எண்ணலாம்.

நாளையிலிருந்து
மேசைக்கடியில் யாருக்கும் இடமில்லை.
எல்லாவற்றிலும் வெங்காயம்:
உப்புமாவில், தயிர் சாதத்தில், ரசத்தில்கூட.
பாயசத்துக்குத்தான்
இன்னும் வழி தெரியவில்லை.