கண்ட்ரோல்

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில்
குளிர்ந்த இடம் இன்குபேட்டர்தான்.
உள்ளே முப்பத்தேழு டிகிரி.
வெளியே நாற்பத்திரண்டு.

ரோஜா நிற நீரில் மிதக்கின்றன
எப்போதோ எந்த ஊரிலோ இருந்த
ஒரு பெண்ணின் ரத்தப்புற்று அணுக்கள்.
ஐம்பத்து மூன்று வயதாம்.
செத்துப்போனது அவள் மட்டும்தான்.
ஞாயிற்றுக்கிழமையும் வந்து சோறு போடுகிறேன்,
போடாவிட்டால் திங்களன்று
மஞ்சளாக முறைக்கும்.

பாலாற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கிறது.
விருதம்பட்டுப் பக்கம், மணல் அள்ளிய பள்ளத்தில்
எருக்கிலை பறித்தேன்.
நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து
ஒரு மாதம் கழித்துக் கிடைத்தது
ஒரு ஸ்பூன் பிசுக்கு.

அதை மைக்ரோகிராம் கணக்கில் விட்டேன்.
மறுநாள் பார்த்தால்
அணுக்கள் கொப்புளித்து நொறுங்கிக் கிடந்தன,
பந்தியில் மிதிபட்ட அப்பளம் மாதிரி.
கத்தப்போனேன்.

பக்கத்துக் குழிகளில் கண்ட்ரோல்.
நோயில்லாத அணுக்கள். என்னுடையவை,
செவ்வாய்க்கிழமை இடது கையில் குத்தி எடுத்தது.
அவையும் அப்படியே.

எருக்குக்கு ஆள் தெரியாது.

சாயங்காலம் பாபுராவ் தெருவில்,
வங்காளத்தில் போர்டு எழுதிய டீக்கடையில்,
புருலியாக்காரர் நிதாய் மாஹாத்தோ
(மகனுக்கு இது பதினோராவது வாரம்)
மஞ்சள் பையைத் திறந்து காட்டினார்.
லாட்ஜில் யாரோ சொன்னார்களாம், அரைத்துக் கொடு என்று.
கிள்ளிய காம்பில் பால் இன்னும் காயவில்லை.

எனக்குத் தெரிந்த இந்தி மூன்று வாக்கியம்.
மூன்றையும் கத்தினேன்.
பை சாக்கடைக்குப் போயிற்று.
கண்ணைத் துடைக்கப்போன அவர் கையைப் பிடித்துக்
குழாயடிக்கு இழுத்துப்போனேன்.

அங்கே, சுவரோரம்,
யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல்
ஊதாப் பூ.
வாரம் ஒருமுறை பையனுக்கு இறங்குகிறதே, அந்த ஊசி
இதிலிருந்துதான் என்றேன்.
அப்படியானால் எதற்கு இவ்வளவு பில் என்றார்.
நியாயம்தான்.
வண்டி வண்டியாக இலை பிழிந்தால்
ஒரு சிட்டிகை தேறும் என்பதற்கு
என் இந்தி போதவில்லை.
பறிக்கக் குனிந்தார்.
மறுபடி கையைப் பிடித்தேன்.

நயன்தாரா, என்றார். எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல்.
டீக்கடைப் பையன் சிரித்தான்.
இங்கே என்ன பெயர்?

நித்தியகல்யாணி என்றேன்.
சுடுகாட்டு மல்லி என்றுதான்
எங்கள் தெருவில் சொல்வார்கள்.

நாளை ஞாயிறு.
காட்பாடியில் ஏழு மணி பஸ்.
அவளுக்குச் சோறு போடணும்.