இருப்புப் பதிவேடு

அஞ்செட்டி தாண்டி
பேருந்து திரும்பிக்கொள்ளும் இடத்தில் இறக்கிப்போட்டார்கள் பெட்டியை.
மிச்ச இரண்டு மைல் அது தலைமேல் வந்தது.
பிரிக்கும் முன்பே பதிவேட்டை நீட்டினார்
தலைமையாசிரியை சம்பூரணம்.

தாளக்கட்டை, ஆறு ஜோடி.
கிலுகிலுப்பை, நான்கு.
இரும்பு முக்கோணம், ஒன்று. தட்டும் கம்பி இல்லை.
தோல் மேளம், சிறியது, ஒன்று.
சைலபோன், கட்டை எட்டு.
எண்ணிப் பார்த்தேன், ஏழு.
எட்டை அடித்து ஏழு எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
பிள்ளைகள் இருபத்து மூன்று.
அதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பூட்டி வைங்க, தணிக்கைக்கு வருவாங்க என்றார்.
பீரோச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று
ஒன்றாம் வகுப்புக்கே தெரியும்.

அவர் கூட்டத்துக்குத் தளி போன நாளில்
திறந்து பரப்பினேன்.
சும்மா தட்டுங்க என்றேன்.

காலை அகட்டி, பல்லைக் கடித்து,
எல்லாரும் ஒரே சன்னலைப் பார்த்துத் தட்டினார்கள்.
லோகித் மேளத்தைத் தலைக்குமேல் தூக்கி
ஹோகு ஹோகு என்று கத்தினான்.
கைகாட்டினேன், நிற்கவில்லை.
வெளியே கட்டியிருந்த மாடு
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதும்தான்
அடங்கினார்கள், வேலை முடிந்தவர்கள்போல.

ராகி கதிர் பிடித்தால்
பாதிப் பேர் தூங்குவது பரண்மேல்.
தகரம், சாப்பாட்டுத் தட்டு, எண்ணெய் டின்,
எது கைக்கு வந்தாலும் அடி, ஆனெ வருது.
சத்தத்துக்கு இங்கே ஒரே அர்த்தம்தான்.
போ.

கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
தாளம், லயம், ஒத்திசைவு,
மதியம் தக்காளி சாதம்.
இதை யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே, இரவு பத்துக்கு மேல்,
ஹேமாவதியின் அப்பா ருத்ரப்பா கதவைத் தட்டினார்.
பட்டாசு தீந்துபோச்சு டீச்சர், அந்த மேளம்.
கொடுத்தேன்.
காலையில் கிழிந்த தோலோடு திரும்பி வந்தது.
போச்சா என்றேன்.
தின்னுட்டுப் போச்சு என்றார்.

பெற்றவர் பெயர். தேதி. நோக்கம்.
நோக்கத்தில் 'யானை' என்று மட்டும் எழுதியிருந்தேன்.
சம்பூரணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி
எதிரே 'விரட்ட' என்று சேர்த்து
முத்திரை குத்தினார்.
பிறகு சாவியைப் பற்றி அவர் பேசவில்லை.

மேளம் போனபின் மிஞ்சியது
முக்கோணம்.
சணலில் கட்டிச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டு
ஆறு அங்குல ஆணியால்
ஒரே ஒரு தட்டு.
முடிஞ்சதும் சொல்லுங்க, அதுவரைக்கும் மூச்சு.
முடிஞ்சிடுச்சு என்றான் லோகித்.
இல்லை என்றது பின்வரிசை.
கம்பியில் காதை வைத்து
இன்னும் உள்ளே போயிட்டே இருக்கு என்றாள் ஒருத்தி.
கணக்குப் பாடம் அன்றைக்கு நடக்கவில்லை.

சைலபோனுக்கு வந்தபோது மாசி.
ச ரி க ம, அப்புறம் ஒரு பள்ளம்,
த நி ச.
குறைந்த கட்டையை வாயால் அடிக்கலாம் என்று சொல்லி
பலகையில் எழுதினேன்: பா.
தமிழுக்கு எழுத்து ஒன்றுதான், உதடுதான் இரண்டு.
வீட்டில் கன்னடம் பேசும் ஹேமாவதி
அதை அடிவயிற்றிலிருந்து கனமாக எடுத்தாள்.
அவள் வீட்டில் அதற்கு
வா என்று அர்த்தம்.

சுருதி கொஞ்சம் இறக்கம்.
திருத்த வாய் திறந்தேன்,
திறந்ததோடு சரி.
பள்ளம் வரும்போதெல்லாம்
குச்சியை நிறுத்திவிட்டு இருபத்து மூன்று பேரும்
அதே சன்னல் பக்கம் திரும்பி
மெதுவாக,
பா.

ஒரு கட்டை குறைவென்று
கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொல்லி
மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார் சம்பூரணம்.
நாளைக்கு எழுதுகிறேன்
என்றிருக்கிறேன்.