கடைசியில் நடப்பவள்

பதினேழு முதுகுகள் எனக்குத் தெரியும்,
முகங்களைவிட நன்றாக.
ரதோஸ்தினாவின் பையில் தொங்கும் தகரக் குவளை
எந்தக் கல்லில் என்ன சத்தம் போடும் என்பதுகூட.
குழுவின் வால் நான்.
வார நாட்களில் சோஃபியாவில்
ஐந்தாம் எண் டிராமில் டிக்கெட் கேட்பவள்.
தலை எண்ணாமல் இருக்க வராது.

காலை ஏழு மணிக்கு
நாற்காலி லிஃப்ட் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.
"அதில் உட்கார்ந்து போகிறவனுக்கு ஏரி தெரியும்,
மலை தெரியாது" என்றார் த்ஸ்வெதான்.
போன வருடமும் இதையேதான் சொன்னார்.
போன வருடமும் பாதி ஏற்றத்தில் இடுப்பைப் பிடித்து நின்று
தலைக்கு மேல் ஆடிப்போகும் கால்களை
வெகுநேரம் பார்த்தார்.

ரீலா ஏரிகளுக்குச் சாமி பெயர் இல்லை,
ராஜா பெயரும் இல்லை.
கீழே கிடப்பது கீழ் ஏரி.
மீன் இருப்பது மீன் ஏரி.
அப்புறம் மூவிலை, இரட்டை,
சிறுநீரகம், கண்,
எல்லாவற்றுக்கும் உச்சியில்
கண்ணீர்.
"கண்ணுக்கு மேலே எப்படிக் கண்ணீர்?"
ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள்.
இந்த மலையில் அது இறங்கித்தான்
கண்ணுக்குப் போகிறது.

சிறுநீரக ஏரிக்கரையில் லுபென் நின்றான்.
அவன் தங்கை மில்கா நிற்கவில்லை.
நாலு வருடத்துக்கு முன்னால் அவளிடமிருந்து
ஒன்று அவனுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும்.
திடீரென்று ஐந்தாறு பேருக்கு
ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது.
"மில்கா, நீ கொடுத்ததைவிட இது பெரிசு."
"அப்போ என்னுடையதைத் திருப்பிக் கொடு."
திரும்பாமலேயே சொன்னாள்.
முதலில் சிரித்தது லுபென்தான்.
பிறகு பாட்டிலைத் திறந்து
டாக்டர் சொன்ன அளவுக்குக்
குடித்தான், நிதானமாக.

கண்ணைத் தாண்டியதும் பாதை ஏணியாகிவிடும்.
செப்டம்பர் புல் ஈரத்தில் வழுக்கியது.
மேகம் வந்து முன்னே போனவர்களைத்
தொடை வரைக்கும் தின்றது.
எண்ணினேன்.
பதினெட்டு.
மறுபடியும் பதினெட்டு.

குறைந்தால் என்ன செய்வதென்று தெரியும்:
விசில் மூன்று முறை, எல்லோரும் நின்ற இடத்தில் நில்.
கூடினால் என்ன செய்வதென்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

பச்சை மழைக்கோட்டு.
வலது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கும்
அறியாத முதுகு.
டிராமாக இருந்தால் டிக்கெட் கேட்டிருப்பேன்.

உச்சியில்தான் முகத்தைத் திருப்பினான்.
கிரயோவாவிலிருந்து வந்த ருமேனியாக்காரன், பெயர் ஒவிடியு.
இரட்டை ஏரியிலேயே குழு மாறிவிட்டானாம்.
ஒரு மணி நேரமாகத் தெரியுமாம்.
"என் ஆட்கள் ரொம்ப வேகம்" என்றான்
உடைந்த பல்கேரியனில்,
அது போதும் என்பதுபோல.

காட்சிமுனையில் நாலு ஏரி தெரிந்தது.
மீதி மூன்றையும் த்ஸ்வெதான்
விரல் நீட்டி வெறும் வெள்ளையில் காட்டினார்.
அதோ அங்கே. இல்லை, இன்னும் இடது பக்கம்.
ஒவிடியு ஒவ்வொன்றுக்கும்
பார்த்துவிட்டவன் மாதிரித் தலையசைத்தான்.

ரதோஸ்தினா பனீட்சாவை வீட்டிலேயே
தலைக்கு ஒன்று என்று எண்ணி வெட்டி வந்திருந்தாள்.
தட்டம் சுற்றி வந்து
பச்சை மழைக்கோட்டின் முன்னால் காலியாக நின்றது.
ஒரு நொடி எல்லோரும் மேகத்தைப் பார்த்தோம்.
மில்கா தன் துண்டைப் பிய்த்து
பெரிய பாதியை நீட்டினாள்.
"அவள் அப்படித்தான், வாங்கிக்கொள்"
என்றான் லுபென், வாய் நிறையப் பாலாடைக்கட்டியோடு.

இறக்கத்தில் அவன் ஆட்கள் கத்திக்கொண்டே எதிரில் வந்தார்கள்.
கட்டிப்பிடித்தார்கள், திட்டினார்கள், கூட்டிப்போனார்கள்.
பேருந்து ஏறும்போது பதினேழு.
சரியான எண்.
முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க,
இறங்கிப் போய் ஒருமுறை
வாகன நிறுத்தத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஐந்தாம் எண் டிராமில்
யாரோ ஒரு பச்சை மழைக்கோட்டு
கம்பியைப் பிடித்து, வெளியே பார்த்தபடி நின்றது.
இரண்டு நிறுத்தம் தாண்டித்தான்
டிக்கெட் கேட்டேன்.