இரண்டு இசட், ஒரு வி

முதலில் பல்லில் தட்டிப் பார்த்தேன்.
டக்.
பிளாஸ்டிக் பூச்சென்றால் மொண்ணையாகக் கேட்கும்.
இது கண்ணாடிப் பொடி,
செம்புத் தகட்டில் தூவி உலையில் உருக்கியது.
ஓவர்போர்ட்டில் இருபத்தொரு வருஷமாகப்
பீங்கான் பல் சுடுகிறவள் நான்.
பல்லுக்கு மேலே இருப்பதும் எனாமல்,
பேட்ஜுக்கு மேலே இருப்பதும் எனாமல்.
அதனால்தான் டர்பனில் கொஞ்சம் பேர்
சட்டைப் பையில் எதையாவது சுருட்டிக்கொண்டு
என் பின்வாசலுக்கு வருகிறார்கள்.

டெஸ்மண்ட் கோவெண்டர், ஜேக்கப்ஸில் பழைய வண்டி உடைக்கிறவர்.
ஒரு டி.கே.டபிள்யூவின் பின்சீட்டைக் கிழித்தபோது
கெட்டிப்பட்ட பஞ்சுக்குள் இருந்ததாம்.
ஊசி குத்தித்தான் தெரிந்ததாம்.
கட்டைவிரலைக் காட்டினார்; பிளாஸ்டர்.
"கொம்பப் பாருங்க, மிஸ் படையாச்சி.
சாத்தான் கூட்டம். இல்லேன்னா பட்டாளம்.
ஜெர்மன்காரன் சும்மா கொம்பு வைப்பானா?
ஜோபர்க்ல ஒருத்தன் பத்தாயிரம் ராண்ட் சொல்றான்.
அசல்னு ஒரு காகிதம் எழுதிக் குடுங்க, போதும்."

ஐந்து ராண்ட் காசைவிடச் சின்னது.
பச்சைத் தரை, வெள்ளைத் தலை, இரண்டு கொம்பு.
முன்பக்கம் ஒரெழுத்து கிடையாது.
பின்பக்கம் மூன்று.
அவர் பிடித்திருந்த வாக்கில்
என், என், பிறகு குருவி மூக்கு மாதிரி ஒன்று.
நான் கால் வட்டம் திருப்பினேன்.
இரண்டு இசட், ஒரு வி.
கீல் ஓரத்தில் செய்த ஊரின் பெயர் பாதி தேய்ந்து,
லூ... என்று.
அந்த யூவின் தலையில் இரண்டு புள்ளி.
போலி செய்கிறவன் பெரும்பாலும் அதை மறந்துவிடுவான்.

அப்போது கரண்ட் போனது.
நாலாம் கட்டம், இரண்டரை மணி நேரம்.
உலைக்குள் ஆறு கடைவாய்ப் பல்.
டெஸ்மண்ட் போன் டார்ச்சைப் போட்டார்.
"நேரா அடிக்காதீங்க, சாய்ச்சுப் பிடிங்க" என்றேன்.

சாய்ந்த வெளிச்சம் வேறு மாதிரிப் பேசும்.
எனாமலில் குளத்து நீர் போல ஒரு மெல்லிய அலை.
ஊசிமுனைக் குமிழ்கள் இரண்டு.
நல்லது.
பிறகு, தாடிக்குக் கீழே,
அதுவரை அழுக்கென்று நான் நினைத்திருந்த இடத்தில்
இரண்டு வெள்ளைச் சொட்டு தொங்கியது.

ஆட்டுக் கழுத்து முலை.
ஒன்றுக்கும் உதவாதவனை எங்கள் வீட்டில்
அப்படித்தான் திட்டுவார்கள்.
என் அண்ணன் மெட்ரிக் முடிக்கும்வரை
அதைத் தவிர வேறு பேர் கேட்டதில்லை.
சாத்தானுக்குக் கொம்பிருக்கும், தாடி இருக்கும்.
கழுத்தில் முலை தொங்காது.

உலையோடு வந்த ஜெர்மன் அகராதியை எடுத்தேன்.
கடைசிப் பக்கங்கள், கரப்பான் தின்றது போக மிச்சம்.
ட்ஸீகெ: ஆடு.
ட்ஸுக்ட்: வளர்ப்பு.
வி என்றால் ஃபெரைன், சங்கம்;
ஜெர்மன்காரர்கள் மூன்று பேர் கூடினால்
நாலாவதாக வந்து உட்காருவது.

"ஆடா?"
"ஆடுதான்."
டார்ச் கொஞ்சம் கீழே இறங்கியது.
"எவ்வளவு போகும்?"
"நூத்தம்பது. ஆசைப்படுறவன் கிடைச்சா இருநூறு."

இன்னொன்றை அவரிடம் சொல்லவில்லை.
இடது கொம்பின் நுனியை மறுபடி பல்லில் தட்டினேன்.
சத்தம் வரவில்லை.
ஊசியால் கீறினால் சுண்ணாம்பு போல உதிர்ந்தது.
துத்தநாகச் சிமெண்ட்.
நாங்கள் கிரீடம் ஒட்டுவது.
எப்போதோ உடைந்த கொம்பை எவரோ
பல் கட்டுகிற மேஜையில் வைத்து
நிறம் பார்த்துக் குழைத்து,
விளிம்பு தெரியாமல் தேய்த்திருக்கிறார்.
என் வாத்தியார் பார்த்தால் நூற்றுக்கு எண்பது போடுவார்.
அங்கேயா, இங்கேயா, யாருக்காக,
எந்த மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்று?
அகராதியில் அதற்கு இடமில்லை.

காகிதத்தில் எழுதினேன்:
அசல். ஆடு வளர்ப்போர் சங்கம். ஊர் தெரியவில்லை.
இடது கொம்பு நுனி பிற்சேர்க்கை; கை தேர்ந்தது.

டெஸ்மண்ட் நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.
"பால் ஆடா, கறி ஆடா?"
"தெரியாது. பால்னு வச்சுக்கலாம்."
சட்டையில் குத்திக்கொண்டார்.
இந்த முறை ஆள்காட்டி விரல்.

கரண்ட் வந்தபோது மணி ஒன்பதே கால்.
ஆறில் நாலு வெடித்திருந்தது.
பொடியை மறுபடி குழைத்தேன்.